சுவோனா வேண்டாமாம், கூசெங் போதுமாம்: ஷாங்காயில் என் மகளுக்குச் சொன்ன பதில்

ஷாங்காய்வாசி கேட்டது:

இங்கே வந்து ஆறு வருஷம் ஆகிறது. மகளுக்கு 11 வயது. பக்கத்துப் பூங்காவில் ஒரு தாத்தா தினமும் காலையில் சுவோனா வாசிப்பார். நம் நாகசுரம் மாதிரி சீவாளி வைத்த குழல், சத்தமும் தெருக்கோடி வரை கேட்கும். அதைக் கேட்டுக் கேட்டு, கற்றால் அதைத்தான் கற்பேன் என்கிறாள். ஓர் இசை வகுப்பில் சேர்க்கப் போனேன். "அதற்கு மூச்சுப் பலம் வேண்டும், பையன்களுக்குத்தான் சரிப்படும். பெண் பிள்ளை கூசெங் வாசித்தால் பார்க்க அழகாக இருக்கும்" என்றார்கள். கூசெங் என்பது படுக்க வைத்து விரலால் மீட்டும் தந்தி வாத்தியம். வீடு வரும்வரை அவள் பேசவே இல்லை. சீன இசையில் இப்படி ஆண் வாத்தியம், பெண் வாத்தியம் என்று உண்டா?

21தந்தி:

நான் நான்கு வருஷமாகக் கூசெங் கற்கிறேன். அந்த 'அழகு' என்ற சொல்தான் என்னை எழுத வைக்கிறது.

கூசெங் பெண்களுக்கானது என்பது சமீபத்தில் வந்த நினைப்பு. போன நூற்றாண்டின் முற்பாதியில் பேர் பெற்ற வித்வான்கள் ஆண்கள்தான்: வாங் சுன்ஜி, சாவ் செங் போன்றவர்கள். பெண்கள் அதற்கு முன் வாத்தியம் தொடவில்லை என்று அர்த்தமில்லை. தாங் காலத்துக் கவிஞர் பாய் ஜூயி 816இல் பாடிய பீபாக்காரியைப் பாருங்கள்; பீபாவும் மீட்டி வாசிக்கும் தந்தி வாத்தியம்தான். தலைநகர விருந்துகளில் கொண்டாடப்பட்டவள், இளமை போனதும் ஒரு தேயிலை வியாபாரிக்கு வாழ்க்கைப்பட்டு, ஆற்றில் வெறும் படகோடு தனியாகக் கிடக்கிறாள். வித்தையை ரசித்தவர்கள் அவளைக் கைவிட்டார்கள்.

நிலைமையை மாற்றியதில் இசைக் கல்லூரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஷாங்காய் இசைக் கல்லூரியில் 1956இல் சீன வாத்தியங்களுக்குத் தனித்துறை வந்தது. 1963இல் ஷாங்காயில் நடந்த, அர்ஹூ என்ற இரண்டு தந்தி வில் வாத்தியத்துக்கான தேசியப் போட்டியில் மின் ஹுய்ஃபென் முதல் பரிசு வாங்கினார். 17 வயதுப் பெண்! அர்ஹூவுக்கு அதுவரை சொல்லப்பட்ட பெயர்கள் லியு தியன்ஹுவா, ஆபிங் என்று ஆண்களுடையவை.

அப்புறம் வாங் சுன்ஜியின் மகள் வாங் சாங்யுவான். மாணவியாக ஷாங்காய்த் துறைமுகத்துக்குப் போனவர், தொழிலாளர்கள் புயலோடு மல்லுக்கட்டுவதை வைத்து 1965இல் ஒரு கூசெங் இசை அமைத்தார். அதன் நடுப்பகுதியை ஆறு மாதமாக வாசிக்கப் பார்க்கிறேன். வலது கை தந்திகளை வாரியபடியே விடாமல் அதிர வைக்க வேண்டும். முழங்கை வரை கடுக்கும், விரலில் ஒட்டிய நகம் கழன்று விழும். இடது கை, தந்திகளைத் தாங்கும் குதிரைகளுக்கு அந்தப் பக்கம் சுருதி சேராத இடத்தில் ஓடிக் காற்றின் ஊளையை எழுப்பும். அழகு என்று சொன்னவர் இதை ஒருமுறை உட்கார்ந்து கேட்கட்டும்.

2001இல் பெய்ஜிங்கில் தொடங்கிய 'பன்னிரண்டு பெண்கள்' என்ற சீன வாத்தியக் குழு 2003இல் ஜப்பானையே கலக்கியது. அவர்கள் நன்றாகப் பயின்றவர்கள். ஆனால் மேடையில் கண்ணுக்குத்தான் முதலிடம் என்ற எண்ணத்தை அந்த வெற்றி இன்னும் கெட்டியாக்கிவிட்டது என்பது என் கருத்து. உங்கள் மகளுக்குக் கிடைத்த பதிலிலும் அதே எண்ணம்தான் இருக்கிறது.

சீவாளி:

மூச்சுப் பலம் பற்றி மட்டும் சொல்கிறேன். சுவோனாவில் நீண்ட சுரத்துக்குக் கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை வெளியே தள்ளும்போதே மூக்கால் இழுக்க வேண்டும். இது பழக்கம், உடம்பு வாகு இல்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ரா போட்டுக் குமிழி நிற்காமல் ஊதிப் பழகச் சொல்லுங்கள்.

லியு வென்வென் என்ற பெண் சுவோனா கலைஞரைத் தேடிப் பாருங்கள். அப்பா, அம்மா இருவருமே சுவோனா கலைஞர்கள். சீனாவில் சுவோனாவில் முதல் முனைவர் பட்டம் அவருடையது.

ஷாங்காய்வாசி:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. லியு வென்வென் வாசிப்பதைக் காட்டினேன், மூன்று முறை பார்த்தாள். இப்போது சமையலறையில் டம்ளரும் ஸ்ட்ராவுமாக நிற்கிறாள், தரையெல்லாம் தண்ணீர். அந்த வகுப்புக்கு இனிப் போவதில்லை. நாளைக் காலை பூங்காவுக்குக் கூட்டிப் போய்த் தாத்தாவிடமே கேட்கிறேன்.