லைவ் ராக்கில் படரும் ஊதா நிறம் கோரலைன் பாசிதானா?

கேள்வி

வணக்கம். என் கடல்நீர்த் தொட்டியில் உள்ள லைவ் ராக்குகளின் (நுண்ணுயிர்கள் குடியேறிய பாறைகளின்) மேல் அண்மையில் மூன்று விதமான படிவுகள் தென்படுகின்றன. பாறையின் நிழற்பக்கத்தில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த சிறு வட்டப் புள்ளிகள் இருக்கின்றன. மணலை ஒட்டிய பகுதியில் கருஞ்சிவப்பாக ஒரு படலம் விரிந்திருக்கிறது. விளக்குக்கு நேர்கீழே, முன்பு ஊதாவாக இருந்த இடங்கள் வெளுத்துத் திட்டுத்திட்டாகிவிட்டன. இவற்றில் எது கோரலைன் பாசி, எதை அகற்ற வேண்டும்? வினிகர் விட்டால் நுரைப்பது கோரலைன் என்று படித்தேன். அந்தச் சோதனையை நம்பலாமா?

பதில் 1

நிறத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். கோரலைன் செம்பாசி வகையைச் சேர்ந்தது; சயனோ என்று நாம் சுருக்கமாக அழைக்கும் சயனோபாக்டீரியா முற்றிலும் வேறான உயிரி. ஆனாலும் பைகோஎரித்ரின் என்ற சிவப்பு நிறமி இரண்டிலும் இருக்கக்கூடும் என்பதால், குறிப்பாக நீல விளக்கின் கீழ், ஒன்றை மற்றொன்றாகக் கருதிவிடுவது எளிது. முதலில் நீல விளக்கை அணைத்துவிட்டு வெள்ளை ஒளியில் பாருங்கள்.

அடுத்தது தொட்டுப் பார்ப்பது. பாறையில் சோவாந்திட் (பவளத்துக்கு உறவான மெல்லுடல் கடலுயிரி) போன்றவை இருந்தால் அவற்றில் கடும் நச்சு இருக்கக்கூடும். ஆகவே கையுறை அணிந்துகொள்ளுங்கள். கோரலைன் தன் செல்சுவர்களில் சுண்ணாம்பைப் படியவைப்பதால் பாறையோடு பாறையாக இறுகியிருக்கும்; நகத்தால் கீறினாலும் அசையாது, பிளேடால் சுரண்டினால் கெட்டியான சில்லுகளாகத் தெறிக்கும். சயனோ வழவழப்பாக இருக்கும். குழாயால் நீரைப் பீய்ச்சினாலே ஓரம் கிளம்பித் தாளாக உரிந்து வரும், வெளிச்சம் ஏற ஏற அதன் மேல் காற்றுக்குமிழ்களும் சேரும். பழுப்பு நிறத்தில் தூசிபோலப் படிந்து, தொட்டவுடன் கலைவது டயாட்டம் என்ற நுண்பாசி.

பதில் 2

வினிகர் சோதனையைப் பாறையின் மேல் செய்வதில் பயனில்லை. லைவ் ராக்கே பெரும்பாலும் பழைய பவளக்கூடுகளால் ஆன கால்சியம் கார்பனேட் என்பதால், மேலே எது வளர்ந்திருந்தாலும், எதுவுமே வளராவிட்டாலும், அமிலம் பட்டால் அது நுரைக்கத்தான் செய்யும். தொட்டிக் கண்ணாடியிலோ பம்பின் பிளாஸ்டிக் உறையிலோ அதே நிறத்தில் ஏதேனும் ஒட்டியிருந்தால், அதில் ஒரு சில்லை எடுத்து வெளியே ஒரு கிண்ணத்தில் வைத்துச் சோதிக்கலாம். சுண்ணாம்பு சேராத ஹில்டன்பிராண்டியா போன்ற மெல்லிய செம்பூச்சுப் பாசியை விலக்க அது உதவும். ஆனால் பெய்சோனேலியா என்ற மற்றொரு செம்பாசியை அதனால் பிரிக்க முடியாது. அதிலும் ஓரளவு சுண்ணாம்பு உண்டு. அதைக் கண்டறிய விளிம்பைத்தான் பார்க்க வேண்டும்: கருஞ்சிவப்பு மடல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஓரங்கள் பாறையை விட்டுச் சற்றே தூக்கி நிற்கும், விரலால் ஒடித்துவிடலாம். தொட்டியில் பரவும் படர்பாசி வகைக் கோரலைனோ விளிம்புவரை பாறையோடு ஒட்டியிருக்கும். வளரும் ஓரம் பெரும்பாலும் வெளிறிய வளையமாகத் தெரியும்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. கோரலைன்கள் விலங்குகளா தாவரங்களா என்பதே இயற்கையியலாளர்களிடையே நெடுநாள் விவாதமாக இருந்தது. 1837-இல் ஜெர்மானிய இயற்கையியலாளர் பிலிப்பி அவற்றைத் தாவரங்களாக நிறுவிய பிறகே அது ஓய்ந்தது.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. வட்டப் புள்ளிகள் பிளேடுக்கும் எளிதில் அசையவில்லை. உருப்பெருக்கியில் ஓரங்கள் வெளிறித் தெரிகின்றன. மணலருகே இருந்த படலம் நீர் பீய்ச்சியதும் கிழிந்து மிதந்தது. வெளுத்த திட்டுகள்தாம் புரியவில்லை: சிலவற்றின் ஓரத்தில் இளஞ்சிவப்பு எஞ்சியிருக்கிறது, சிலவற்றில் நிறமே இல்லை.

பதில் 3

அப்படியானால் புள்ளிகள் கோரலைன், படலம் சயனோ. வெண்திட்டுகள் இறந்துபோன கோரலைனின் சுண்ணாம்பு எச்சம். விளக்கைத் திடீரெனக் கூட்டினாலோ, நீர் மாற்றும்போது பாறை நெடுநேரம் வெளியே உலர்ந்தாலோ, ஆல்கலினிட்டி (அமிலத்தைச் சமன்செய்யும் நீரின் திறன்) சட்டென்று ஏறி இறங்கினாலோ இப்படி வெளுக்கும். ஓரத்தில் இளஞ்சிவப்பு இருக்கும் திட்டுகளை அந்த உயிருள்ள பகுதியே மெல்ல மூடிவிடக்கூடும். முற்றிலும் வெளுத்தவை பிறகு பச்சையாக மாறினால், அதைப் பச்சைக் கோரலைன் என்று எண்ணி மகிழ வேண்டாம்; வெற்றுச் சுண்ணாம்பில் வேறு பாசி குடியேறியிருக்கிறது, அவ்வளவே. வேறொன்றையும் கவனியுங்கள்: மேலே மெல்லிய தோல் உரிந்து, அடியில் ஊதா நிறம் அப்படியே இருந்தால் அது இறப்பன்று, தன் மேல் படியும் பிற பாசிகளை உதிர்க்கக் கோரலைன் இயல்பாகவே மேலடுக்கைக் கழற்றும். தொட்டியில் கடல்முள்ளெலி இருந்தால் அது மேய்ந்த தடங்களும் வெள்ளைக் கீறல்களாகத் தெரியும்.

ஆல்கலினிட்டியை முதலில் அளந்து பாருங்கள். அதற்கு 8 முதல் 11 டிகேஎச் (ஆல்கலினிட்டியின் அலகு), கால்சியம் 400 முதல் 450 பிபிஎம் (பத்து லட்சத்தில் பங்கு), மக்னீசியம் 1250 முதல் 1350 பிபிஎம் என்பது வழக்கமான வரம்பு. ஆனால் எண் வரம்புக்குள் இருப்பதைவிட நாளுக்கு நாள் ஆடாமல் இருப்பதே முக்கியம் என்பது என் கருத்து. அளக்காமல், நிறம் மங்கியதை மட்டும் பார்த்துக் கால்சியம் கரைசலை ஊற்றாதீர்கள். கோரலைனையும் வெண்திட்டுகளையும் சுரண்ட வேண்டியதில்லை. சயனோவை மட்டும் குழாயால் உறிஞ்சி வெளியேற்றி, அந்த மூலையில் நீரோட்டத்தைக் கூட்டி, தீவனத்தைக் குறைத்து, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சோதியுங்கள்.