பத்திவாரிக் குறிப்பை நேரத்துக்கு வாங்குவது எப்படி?

வணக்கம். தேவகோட்டையில் ஓர் அரசு வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். அலுவலகம் பழைய செட்டிநாட்டு வீடு. இரண்டாம் கட்டு முழுக்க வழக்குக் கட்டுகள்தான். வாய்தா தேதிக்கு டைரி இருக்கிறது, அது தவறாது. தலைவலி, துறைகள் அனுப்பவேண்டிய பத்திவாரிக் குறிப்பு, அதாவது வழக்குரையின் ஒவ்வொரு பத்திக்கும் துறை எழுதித் தரும் பதில். அதை வைத்துத்தான் எதிர்வழக்குரை (அரசுத் தரப்பின் எழுத்துப்பூர்வ பதில்) தயாரிக்கவேண்டும். எதிர்வழக்குரை தாக்கல் செய்யச் சம்மன் சார்வானதிலிருந்து (கையில் கிடைத்ததிலிருந்து) 30 நாள், நீதிமன்றம் மனம்வைத்தால் 90. போன வாரம் ஒரு துறையிலிருந்து 84ஆம் நாள் வந்தது, அதிலும் சர்வே எண் தப்பு. திட்டு மட்டும் எனக்கு!

எக்செல்லில் போட்டுவைத்தேன். 60 நாள் தாண்டியதைத் தானாகச் சிவப்பாகக் காட்டவைக்கத் தெரியவில்லை. உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் அரசுத் தரப்பு அலுவலக வேலை பார்ப்பவர்கள், எப்படி விரட்டி வாங்குகிறீர்கள்? நினைவூட்டுக் கடிதமா, வாட்ஸ்அப்பா? மாதிரிப் படிவம் இருந்தால், கட்சிக்காரர் பெயர்களை அழித்துவிட்டு அனுப்புங்கள்.