ஜிப்சம் போர்டு இணைப்புக்கு பேப்பர் டேப்பா, மெஷ் டேப்பா?

வணக்கம். சென்னை வேளச்சேரியில் எங்கள் வீட்டுக் கூடத்தை 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டால் இரண்டாகத் தடுத்திருக்கிறோம். போர்டுகளைச் சட்டத்தில் திருகியாயிற்று. இனி இணைப்புகளையும் மூலைகளையும் பூச வேண்டும். இங்கேதான் எனக்கும் வேலை செய்பவருக்கும் ஒத்துப்போகவில்லை.

வலை போன்ற மெஷ் டேப்பை ஒட்டி, மேலே சுவருக்குப் பூசும் பட்டியையே (புட்டி) பூசினால் போதும் என்கிறார் அவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் படுக்கையறை ஃபால்ஸ் சீலிங்குக்கும் இதே வைத்தியம்தான் நடந்தது. ஒரே கோடையில் இணைப்பு நெடுக மயிரிழை விரிசல். தினமும் அதைப் பார்த்தபடியேதான் தூங்குகிறேன்.

விசாரித்த வரையில், பேப்பர் டேப் இழுவையை நன்றாகத் தாங்குகிறது. நடுவில் மடிப்புக்கோடு இருப்பதால் உள்மூலைக்கும் தோதானது. ஆனால் டேப்புக்கு அடியில் பூசும் கலவை குறைந்தால் கொப்புளம் எழும். மெஷ் டேப்புக்கு, முதல் பூச்சாவது தண்ணீரில் குழைத்து இறுக விடும் பவுடர் காம்பவுண்டாக (இணைப்பில் பூசும் கலவை) இருக்க வேண்டுமாம். வாளியில் வரும் தயார்க் கலவை அதற்கு உதவாது என்கிறார்கள்.

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். வெட்டிய விளிம்புகள் முட்டும் இரண்டு இடங்களில், டேப்பும் பூச்சும் அடங்குவதற்கான ஓரச் சரிவு இல்லை. புடைப்பு தெரியாமலிருக்க எவ்வளவு அகலம் பூச வேண்டும்? வெளிமூலை ஒன்று கை கழுவும் தொட்டிக்கு ஒட்டினாற்போல் வருகிறது. அதற்குப் போடும் கார்னர் பீட் (மூலையைக் காக்கும் பட்டை) துத்தநாகம் பூசிய தகடா, துருவே பிடிக்காத பி.வி.சி.யா? இணைப்புகள் மொத்தம் 90 அடி வரும். எத்தனை கிலோ காம்பவுண்டு வாங்கலாம்? திங்கட்கிழமை அவர் வேலையைத் தொடங்கிவிடுவார்.