டேட்டா பயிலரங்கில் நடந்து, இன்னும் உறுத்துகிற சம்பவம் உங்களுக்கும் உண்டா?

மேகவேட்டை
புவி அறிவியல் ஆய்வு மாணவர்களுக்குப் பைத்தான் நிரல்மொழி சொல்லித்தரப் போனேன். வானிலைத் துறையின் மழைத் தரவு, நாட்டைக் கால் டிகிரிக் கட்டங்களாகப் பிரித்த 135க்கு 129 கட்ட ஃபைல். மதியத்துக்குள் எல்லோரும் படம் வரைந்துவிட்டார்கள். ஒரு மாணவியின் திரையில் கன்னியாகுமரி மேலே, காஷ்மீர் கீழே. தரவு 6.5 டிகிரி வடக்கில் தொடங்குகிறது, படம் வரையும் இம்ஷோ கட்டளை முதல் வரிசையை உச்சியில் போடும். அது பெரிய விஷயமில்லை. தரவு இல்லாத கட்டங்களில் வரும் -999ஐக்கூட ஒழுங்காக மறைத்திருந்தாள்.

"இது சரியாம்மா?" என்றேன். அவள் படத்தைப் பார்க்கவே இல்லை. "எரர் எதுவும் வரல சார்."

மேற்கு மலைச் சரிவில் மழை எப்படி விழும் என்பது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். களத்தில் ஒரு பாறையைப் பார்த்தால் பத்துக் கேள்வி கேட்பவள். திரை என்றதும் அந்தக் கண் ஏன் மூடிக்கொள்கிறது? காலை முழுக்க லிஸ்ட், டியூப்பிள், லூப் என்று நிரல்மொழி இலக்கணமாகவே ஓட்டிய பாடத்திட்டத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். (திட்டம் மேலிடத்திலிருந்து வந்தது, மாற்ற விடவில்லை.)

கிணற்றடி
நான் பயிற்சி பெறப் போன பக்கம். நிலத்தடி நீர்மட்ட எக்செல். ஆண்டுக்கு நான்கு அளவீடு, கோடைக் கட்டங்களில் நிறைய இடத்தில் எண்ணுக்குப் பதில் 'வறண்டது' என்று எழுதியிருக்கும். எண் இல்லாத இடத்திலெல்லாம் பூஜ்யம் போட ஒரு வரி கற்றுக்கொடுத்தார்கள். கிணற்று மட்டம் தரையிலிருந்து கீழ்நோக்கி அளப்பது. பூஜ்யம் என்றால் தண்ணீர் தரைமட்டத்தில் தளும்புகிறது! மே மாதத்தில் வறண்ட கிணறெல்லாம் நிரம்பிவிட்டது.

பின்வரிசையில் ஓய்வை நெருங்கிய நிலவியலாளர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். "இந்த வரியை எங்க ஊருக்கும் குடுங்க தம்பி, தண்ணி லாரி வேண்டாம்." பயிற்சியாளர் சிரிக்கவில்லை. "டேட்டா கிளீனிங்கில் இதுதான் முறை சார்" என்று அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். பெரியவர் அப்புறம் வாயே திறக்கவில்லை.

அதனால், மேகவேட்டை, கண் மூடிக்கொள்கிறது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் கண் திறந்துதான் இருந்தது, ஏனென்றால் அது அவருடைய தரவு. அந்தப் பெண்ணிடமும் அவளுடைய ஃபைலையே கொண்டுவரச் சொல்லியிருந்தால் கதை வேறு.

டெர்மினல்தாத்தா
நீங்கள் தரவு வரைக்குமாவது போனீர்கள். எங்களுக்கு வரைபட ஃபைல்களைத் திறக்கும் ஜிடால் மென்பொருள் கணினியில் ஏறவே இல்லை, முற்பகல் போச்சு. ஒரு பையன் மடிக்கணினியை மூடிவைத்துவிட்டுச் சாப்பிடப் போனவன் திரும்பவில்லை. என் கதை அவ்வளவுதான்.

ஆனால் சொந்த ஃபைல் யோசனையை யாரும் நம்பிவிடாதீர்கள். முப்பது பேர் என்றால் முப்பது விதமான கோளாறு, மேடையில் இருப்பவர் ஒருத்தர். ஆய்வாளர்களுக்குத் தரவுப் பயிற்சி தரும் டேட்டா கார்பென்ட்ரி அமைப்பின் புவிவெளிப் பாடங்கள் பெரும்பாலும் மாசச்சூசெட்ஸின் ஹார்வர்ட் காட்டுத் தரவை வைத்தே நடப்பது சும்மா இல்லை. பொதுவாக ஒரே தரவு, அதில் நாமே ஒரு வில்லங்கம் ஒளித்துவைக்க வேண்டும். பதிவு செய்யும்போதே எந்த வகை ஃபைலோடு மல்லாடுகிறார்கள் என்று கேளுங்கள். வானிலைத் தரவு வரும் நெட்சிடிஎஃப் வகை என்று பாதிப் பேர் சொன்னால் டியூப்பிளைத் தூக்கிப்போட்டு, அதைத் திறக்கும் எக்ஸ்அரே நூலகத்தில் ஆரம்பியுங்கள். படம் முதலில், லூப் பிறகு. ஸ்லைடு வேண்டாம், அவர்கள் கண்முன் தட்டச்சு செய்யுங்கள். நம் வேகம் தானாகக் குறையும். மேசைக்கு இரண்டு நிற ஒட்டுத்தாள், முடித்தவர் பச்சை, சிக்கியவர் சிவப்பு. நிறுவலுக்கு கான்டா ஃபோர்ஜ் மென்பொருள் தொகுப்பு, முந்தைய நாளே. இணையம் நம்பகமில்லாத இடமென்றால் இணையத்திலேயே நிரல் ஓட்டும் கோலாபை நினைக்காதீர்கள், எல்லாம் பென்டிரைவில்.

கிணற்றடி
அறிவுரை யாரும் கேட்கலையே அண்ணே. வில்லங்கத்தை நாம் ஒளித்துவைத்தால் நாம் நினைத்ததைத்தான் கண்டுபிடிப்பார்கள். பூஜ்யக் கிணற்றை எங்கள் பயிற்சியாளர் ஒளித்துவைக்கவில்லை, அவருக்கே தெரியாது.

முடிச்சூர்க்காரி
பொதுத் தரவுக்குள்ளேயே சொந்தத் தரவு இருக்கும். எங்களுக்குக் கொடுத்தது 2015 டிசம்பர் சென்னை மழை, வானிலைத் துறைக் கணக்கும், ஐரோப்பிய மையம் கணினி மாதிரியால் தரும் ஈஆர்ஏ5 தரவும் பக்கத்தில் பக்கத்தில். ஒரு குழு இரண்டும் ஒத்துவரவில்லை, ஈஆர்ஏ5 உதவாது என்று முடிவே எழுதத் தொடங்கிவிட்டது. நான் சும்மா இருக்க முடியாமல், "1ஆம் தேதி பகலெல்லாம் கொட்டின மழை வானிலைத் துறைக் கணக்கில் ஏன் 2ஆம் தேதியில் இருக்கு?" என்றேன். அன்று மாடியில் உட்கார்ந்திருந்தவள் நான், தேதி மறக்குமா? தாம்பரத்தின் 49 செ.மீ. மறுநாள் காலை 8.30 வரையிலான கணக்கு, அதனால் 2 என்று பதிவாகிறது. ஈஆர்ஏ5 யூடிசி என்ற உலகப் பொது நேரம், போதாததற்கு மழை மில்லிமீட்டரில் இல்லை, மீட்டரில்.

நேர மண்டலத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அந்தச் சண்டை தேநீர் இடைவேளையையும் தின்றது. பயிற்சியாளர் ஒரு முறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என்னை உறுத்துவது வேறு: நான் அந்த ஊர்க்காரியாக இல்லாவிட்டால்?

டெர்மினல்தாத்தா
அந்தத் தரவை எடுக்கிறவர்கள் கவனியுங்கள், 8.30 என்பது 03 யூடிசி. ஈஆர்ஏ5இல் ஒவ்வொரு மணிநேர மழையும் அந்த மணி முடியும் நேரத்தில்தான் பதிவாகும். ஆகவே 04இலிருந்து மறுநாள் 03 வரை கூட்டுங்கள். 03இல் தொடங்கினால் ஒரு மணிநேரம் பிசகும்.