மடக்குக் கூரை ஹெரால்ட்: செய்தது யார்?

நண்பர்களே, வணக்கம். மாமா விட்டுப்போன ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரின் பூர்வீகத்தைத் தேடுகிறேன். சென்னையில் தயாரான இரண்டு கதவு வண்டி, 948 சிசி இன்ஜின். ஆனால் மேலே கேன்வாஸ் மடக்குக் கூரை!

இங்கிலாந்தில் இதன் மூல வண்டியைச் செய்த டிரையம்ஃப் கம்பெனியே ஹெரால்டில் கன்வர்டிபிள் (மடக்குக் கூரை வண்டி) விட்டது. இது அதுவல்ல என்றே நினைக்கிறேன். கூரைச் சட்டம் தேக்கு, கீல்கள் பித்தளை. ஹெரால்டுக்குத் தனி சேஸி (அடிச்சட்டம்), கூரையும் போல்ட் போட்டதுதான். அதனால் கழற்றுவது பெரிய வேலை இல்லை. அதன்பின் மழை உள்ளே வராமல், கதவு தொங்காமல் செய்வதில்தான் வித்தை இருக்கிறது. இதில் கதவுகள் இன்றும் ஒரே தட்டில் மூடுகின்றன. கார் பாடி கட்டும் யாரோ கைதேர்ந்தவரின் வேலை, அவர் பெயர் தெரிந்தே ஆக வேண்டும் எனக்கு.

வண்டி இப்போது சிவப்பு, சுரண்டினால் அடியில் வெளிர் நீலம். ஆர்.சி. புத்தகம் நகல், முதல் உரிமையாளர் பெயர் இல்லை.

1960, 70களில் புதுப்பேட்டை, மவுண்ட் ரோடு பக்கம் இப்படிக் கூரை மாற்றிய பட்டறை யாருக்காவது நினைவிருக்கிறதா? வீட்டு ஆல்பத்தில் வெளிர் நீலத் திறந்த ஹெரால்ட் இருந்தால் தயவுசெய்து படம் போடுங்கள். பழைய ஆர்.டி.ஓ. பதிவேட்டைப் பார்க்க யாரை அணுகுவது என்றும் சொல்லுங்கள். சேஸி எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.