சனியா ஞாயிறா: குடும்பக் குழுவில் ஆற்றுப் பேச்சு

அண்ணன்: சித்தப்பா, சனிக்கிழமை டிரௌட் மீன் பிடிக்கக் கிளம்பலாமா? விடியற்காலை 5 மணிக்கு வண்டியை எடுத்துவிடுகிறேன்.

சித்தப்பா: அந்த நேரத்தில் போய் யாரைப் பார்க்கப் போகிறாய்? விடியல் வேட்டையெல்லாம் கோடையோடு முடிந்தது. இப்போது இரவு குளிர்கிறது. காலையில் தண்ணீர் 8, 9 டிகிரியில் இருக்கும், மீன் மந்தமாக அடியிலேயே கிடக்கும். வெயில் ஏறி 11, 12 டிகிரி வந்த பிறகுதான் இரை எடுக்கும். பத்தரைக்குத் தண்ணீரில் இறங்கினால் போதும்.

தங்கை: பத்தரையா! அப்படியென்றால் நானும் வருகிறேன்.

நான்: நேற்று ராத்திரி மழை கொட்டியதே. நீர்மட்ட வரைபடம் செங்குத்தாக ஏறி நிற்கிறது.

சித்தப்பா: ஏறுகிற தண்ணீரில் தூண்டில் போடுவது வீண். கலங்கலோடு சருகும் குச்சியும் சேர்ந்து வரும். மட்டம் இறங்க ஆரம்பித்து, முழங்கால் ஆழத்தில் உன் காலணி மங்கலாகத் தெரிகிறதா, அதுதான் நேரம். மீனுக்கு நம் உருவம் சரியாகத் தெரியாது, இரை மட்டும் தெரியும். ஆகவே ஞாயிறு.

அண்ணன்: பெரிய ஆறு ஞாயிறுக்குள் தெளியுமா?

சித்தப்பா: சந்தேகம்தான். மேலே இருக்கும் சின்ன ஓடைகள் முதலில் தெளியும். அங்கே போவோம்.

அத்தை: தம்பி, போன வாரம் போட்ட வெட்டுக்கிளி ஃப்ளையே, கொக்கியில் கட்டிய அந்தப் போலிப் பூச்சியே போதுமா? இவர் புதிதாக ஒரு பெட்டி கட்டி வைத்திருக்கிறார், வீடெல்லாம் இறகு.

சித்தப்பா: அக்கா, அது வானத்தைப் பொறுத்தது. வெயிலும் கொஞ்சம் காற்றும் இருந்தால் கரைப்புல்லிலிருந்து வெட்டுக்கிளி தண்ணீரில் விழும். 10ஆம் எண் கொக்கியில் கட்டியதைக் கரையோரமாகப் போடலாம், சத்தத்தோடு விழுந்தாலும் பரவாயில்லை. மேகம் மூடித் தூறினால் வேறு கதை. மதியத்துக்கு மேல் ஆலிவ் நிற மேஃப்ளை என்ற சின்ன நீர்ப்பூச்சி, பேட்டிஸ் வகை, பொரித்து மேலே வரும். ஈரக் காற்றில் அதன் சிறகு சீக்கிரம் காயாது. பறக்க முடியாமல் நீர்ப்பரப்பில் வெகு நேரம் மிதந்துகொண்டு வரும், மீன் நிதானமாக ஒவ்வொன்றாக உறிஞ்சும். என்னைக் கேட்டால் இந்தப் பருவத்தின் நல்ல நாள் மோசமான வானிலை உள்ள நாள்தான். அதற்கு 18, 20ஆம் எண் பொடிக் கொக்கி வேண்டும். மாமாவிடம் அது இருந்தால் கொடுத்து அனுப்புங்கள்.

அத்தை: இருக்கிறது. எனக்குக் கண்ணுக்கே தெரியவில்லை, மீனுக்கு எப்படித்தான் தெரிகிறதோ.

நான்: நுனியில் கட்டும் மெல்லிய நரம்பு, டிப்பெட், 5எக்ஸ் போதுமா?

சித்தப்பா: கலங்கலில் அதைவிடத் தடிமனான 4எக்ஸ்கூடப் போதும். தண்ணீர் வற்றித் தெளிந்து கண்ணாடியாகிவிட்டால் தூண்டில் கயிற்றையும் ஃப்ளையையும் இணைக்கும் நரம்பு, லீடர், 12 அடி வேண்டும், நுனியில் 6எக்ஸ். அதன் தடிமன் 0.13 மில்லிமீட்டர்தான், வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். வெயிலும் இப்போது சாய்வாக விழுகிறது, உன் நிழல் நீளம். மீனுக்கு மேல் அது விழாமல் நில்.

தங்கை: மிதக்கிற இலை எல்லாம் என் கொக்கியில்தான் மாட்டும்.

சித்தப்பா: எல்லோருக்கும்தான். இலை ஓடுகிற கோட்டை விட்டு உள்பக்கம் போடு.

அண்ணன்: மேல் ஓடையின் விதிமுறையைப் பார்த்தேன். இந்த மாதக் கடைசியோடு அங்கே மீன்பிடிப் பருவம் மூடுகிறது. பெரிய ஆற்றில் இன்னும் ஒரு மாதம் அனுமதி உண்டு.

சித்தப்பா: காரணம் இருக்கிறது. பிரௌன் டிரௌட் இலையுதிர் காலத்தில்தான் முட்டையிடும், அதற்காக மேலே ஏறத் தொடங்கியிருக்கும். பெண் மீன் வாலால் சரளைக்கல்லைத் தோண்டும். அந்த இடம் மட்டும் சுத்தமாக, வெளிறித் தெரியும். அதை யாரும் மிதிக்கக் கூடாது, அதன் மேல் நிற்கிற மீனுக்குத் தூண்டிலும் போடக் கூடாது. முட்டை குளிர்காலம் முழுக்க அந்தக் கல்லுக்குள் கிடக்க வேண்டும். தங்கச்சி, உனக்குத்தான் சொல்கிறேன், நீதான் பராக்குப் பார்த்துக்கொண்டே நடப்பாய்.

தங்கை: சரி, சரி. வெளிறிய சரளையைக் கண்டால் கரை ஏறிவிடுகிறேன்.

நான்: வெப்பமானி என்னிடம் இருக்கிறது, கொண்டு வருகிறேன்.

சித்தப்பா: கொண்டு வா. காலணி போன ஆற்றின் ஈரத்தோடு இருந்தால் இன்றே கழுவி வெயிலில் போடுங்கள், ஓர் ஆற்றுப் பாசியை இன்னொன்றுக்குச் சுமந்து போக வேண்டாம். சனி மாலை மட்டம் இறங்குகிறதா பார்த்துச் சொல்கிறேன்.

அண்ணன்: அப்போ ஞாயிறு, 8 மணிக்கு வண்டி.

தங்கை: எட்டரை?