மறு: 'லெஃப்ட் ஹேண்ட் ரீல்': தமிழில் எந்தக் கையைச் சொல்வது?

நண்பர்களே,

தூண்டில் கம்பில் பொருத்தி, கைப்பிடியைச் சுற்றி நரம்பை (தூண்டில் நூலை) இழுத்து வாங்கும் கருவிதான் ரீல். தூண்டில் கருவிகளுக்கான சொற்பட்டியலில் 'லெஃப்ட் ஹேண்ட் ரீல்' என்பதற்கு நேராக 'இடக்கை ரீல்' என்று எழுதி முடித்துவிடலாம் என்று இந்த மடல் இழையில் சிலர் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரணத்தைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். நாம் வைக்கும் சொல்லை நம்பித்தான் யாரோ ஒருவர் காசு கொடுத்துப் பொருள் வாங்கப்போகிறார்.

இரண்டு பழைய ரீல்களை எடுத்துக்கொள்வோம். ஸ்வீடனில் அபு நிறுவனம் செய்த அம்பாசடர் வரிசையில் 6500 என்றால் கைப்பிடி வலப்பக்கம், 6501 என்றால் இடப்பக்கம். பிரான்ஸில் செய்த மிட்செல் வரிசையில் 300 என்றால் கைப்பிடி இடப்பக்கம், 301 என்றால் வலப்பக்கம். 6501, 301 இரண்டுக்குமே ஆங்கிலத்தில் 'லெஃப்ட் ஹேண்ட் மாடல்' என்றுதான் பெயர். ஆனால் கைப்பிடிகள் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கின்றன! அபு, கைப்பிடியைச் சுற்றும் கையை வைத்துப் பெயரிட்டது. மிட்செல், இடக்கைப் பழக்கம் உள்ள ஆளை வைத்துப் பெயரிட்டது. ஆங்கிலத்தில் இந்தக் குழப்பம் இன்றும் தீரவில்லை. அதனால்தான் கவனமாக எழுதும் விற்பனைப் பட்டியல்களில் 'லெஃப்ட் ஹேண்ட் ரிட்ரீவ்' (இடக்கையால் சுற்றி இழுப்பது) என்று ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். தமிழில் புதிதாகச் சொல் வைக்கும்போது அந்தக் குழப்பத்தையும் சேர்த்து ஏன் கொண்டுவர வேண்டும்?

'இடக்கை ரீல்' என்று எழுதினால் தமிழ் வாசகர் அதை எப்படிப் புரிந்துகொள்வார்? இடக்கை மட்டையாளர், இடக்கைப் பந்துவீச்சாளர் என்று கிரிக்கெட் வழியாக நம் காதில் ஊறிப்போன வழக்கு ஒன்று இருக்கிறது. அங்கே 'இடக்கை' என்பது ஆளின் பழக்கம். அதே பழக்கத்தில் 'இடக்கை ரீல்' என்றால் 'இடக்கைப் பழக்கக்காரருக்கான ரீல்' என்றுதான் பெரும்பாலோர் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் இடப்பக்கம் கைப்பிடி உள்ள ரீலை உலகம் முழுக்க மிகுதியாக வாங்குகிறவர்கள் வலக்கைப் பழக்கம் உள்ளவர்கள்தான்.

இது புரிய, கருவி கையில் எப்படி உட்காருகிறது என்று பார்க்க வேண்டும். ஸ்பின்னிங் ரீல் கம்புக்குக் கீழே தொங்கும். அதன் தண்டை நடுவிரல்களுக்கு இடையே விட்டுக் கம்பைப் பிடித்து, ஆள்காட்டி விரலால் நரம்பைக் கொக்கிபோல் பிடித்துக்கொண்டு, மறு கையால் நரம்பைத் தடுத்திருக்கும் கம்பி வளையத்தைத் திறந்து, வீசும் வேகத்தில் விரலை விடுவிக்கிறோம். வலக்கையால் வீசுகிறவர் கம்பை அதே கையில் வைத்துக்கொண்டு இடக்கையால் சுற்றத் தொடங்கிவிடலாம், கம்பு கை மாறுவதே இல்லை. இன்றைய ஸ்பின்னிங் ரீல்களில் பெரும்பாலானவற்றில் கைப்பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்டிக்கொள்ளலாம். எதிர்ப்பக்கத்தில் உள்ள சின்ன மூடியைத் திருகி எடுத்து, கைப்பிடியை உருவி, அந்தப் பக்கம் செருகினால் போதும். எந்தப் பக்கம் மாட்டினாலும் சுழலும் தலை ஒரே திசையில்தான் சுற்றும், நரம்பு படியும் விதமும் மாறாது. ஆகவே இந்த வகையில் சொல் தவறினாலும் பெரிய நட்டம் இல்லை.

பெய்ட்காஸ்ட் ரீல் அப்படியல்ல. அது கம்புக்கு மேலே உட்காரும், நரம்புச் சுருள் கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும். பற்சக்கரங்கள் எல்லாம் கைப்பிடி இருக்கும் பக்கத் தகட்டுக்குள்ளேயே அடங்கியிருப்பதால் கைப்பிடியை மறுபக்கத்துக்கு மாற்றவே முடியாது. எந்தப் பக்கம் வாங்கினீர்களோ ஆயுள் முழுக்க அந்தப் பக்கம்தான். இங்கேதான் சொல் துல்லியமாக இருந்தாக வேண்டும். இந்த வகையில் வலப்பக்கக் கைப்பிடிதான் நெடுங்காலமாக வழக்கம். வலக்கைக்காரர் வலக்கையால் வீசி, இரை காற்றில் போகும்போதே கம்பை இடக்கைக்கு மாற்றி, வலக்கையால் சுற்றுவார். பழகியவர்கள் இதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்துவிடுவார்கள். ஆனால் விரால் பிடிக்க ரப்பர் தவளையைத் தாமரை இலைகளுக்கு நடுவே போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். தவளை தண்ணீரைத் தொட்ட நொடியிலேயே விரால் அடித்துவிடும். அந்த நேரத்தில் கம்பு இரண்டு கைக்கும் நடுவில் இருந்தால் முள் சரியாக ஏறாது. முகத்துவாரத்தில் பாறையை ஒட்டிக் கொடுவா பிடிப்பவர்களுக்கும் இதே பாடுதான். மீன் கவ்விய உடனே நாலு சுற்று சுற்றி வெளியே இழுக்காவிட்டால் நரம்பு பாறையில் உரசி அறுந்துபோகும். அதனால் வலக்கைக்காரர்கள் பலர் இடப்பக்கக் கைப்பிடியைத் தேடி வாங்குகிறார்கள். ஷிமானோவின் பல வரிசைகளில் 200 என்றால் வலம், 201 என்றால் இடம் என்று கடைசி எண்ணிலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இடக்கையால் வீசும் ஒருவருக்கு, கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் வலப்பக்க ரீலே கச்சிதமாகப் பொருந்தும். அவர் இடக்கையால் வீசி, கை மாற்றாமல் வலக்கையால் சுற்றலாம். 'இடக்கை ரீல்' என்று நாம் எழுதி வைத்தால், அவர் அதைத் தனக்கானது என்று நம்பி, தனக்கு ஒத்துவராத ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்குவார். அவருக்கு நாம் செய்யும் கெடுதல் அது.

ஆகவே என் முன்மொழிவு இதுதான். பெயர் ஆளைச் சொல்லக்கூடாது, கைப்பிடியைச் சுற்றும் கையைச் சொல்ல வேண்டும். 'இடக்கைச் சுற்று ரீல்', 'வலக்கைச் சுற்று ரீல்'. சுருக்கமாக 'இடக்கைச் சுற்று', 'வலக்கைச் சுற்று'.

'சுற்று' ஏன் என்றால், கரையில் அதுதான் வழங்குகிறது. கைத்தூண்டில் போடுகிறவர்கள் வேலை முடிந்ததும் கட்டையிலோ பாட்டிலிலோ 'நரம்பைச் சுற்று' என்றுதான் சொல்வார்கள். இழையில் ஒருவர் 'ரிட்ரீவ்' என்பதை வைத்து 'இடக்கை மீட்பு' என்று பரிந்துரைத்திருந்தார். தரவு மீட்பு என்று கணினியில் எழுதுவதால் அப்படித் தோன்றியிருக்கலாம். ஆனால் மீட்பு என்றதும் வெள்ளமும் படகும் தீயணைப்புப் படையும்தான் நினைவுக்கு வருகின்றன, நரம்பும் முள்ளும் வருவதில்லை. 'சுருட்டு' என்பதற்கு வேறு பொருள்கள் முந்திக்கொண்டு நிற்கின்றன.

'இடச்சுற்று, வலச்சுற்று' என்று இன்னும் சுருக்கலாமே என்று கேட்டவருக்கு ஒரு எச்சரிக்கை. 'கை' போய்விட்டால் அது திசையாகிவிடும். வலம்புரிச் சங்கு, இடம்புரிச் சங்கு என்கிறோம். பள்ளிப் பாடப்புத்தகத்தில் வலஞ்சுழி, இடஞ்சுழி என்று கடிகார முள்ளின் திசையையும் அதன் எதிர்த்திசையையும் படித்திருக்கிறோம். ரீலில் திசை என்பது பார்க்கிறவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. முன்னோக்கிச் சுற்றும் ஒரே கைப்பிடி, வலப்பக்கம் நின்று பார்த்தால் வலஞ்சுழி, இடப்பக்கம் நின்று பார்த்தால் இடஞ்சுழி. அப்படி இருக்கும்போது 'இடச்சுற்று' என்ற சொல் யாருக்கும் எதையும் உறுதியாகச் சொல்லாது. இரண்டெழுத்து கூடினாலும் 'கை' இருக்கட்டும்.

'இடங்கை' என்று எழுதலாமா என்ற கேள்வியும் வந்தது. வேண்டாம். வலங்கை, இடங்கை என்பவை சோழர் காலம் தொட்டு நம் ஊர்களில் சாதிகளைப் பிரித்து வைத்த பெயர்கள். அவற்றை ஒட்டி நடந்த சண்டைகள் ஆங்கிலேயர் ஆட்சி வரை நீண்டன. அந்தச் சொல்லைத் தூண்டிலில் கொண்டுவந்து மாட்ட வேண்டிய தேவை எதுவும் இல்லை. பேச்சில் சோத்தாங்கை, பீச்சாங்கை, நொட்டாங்கை என்று ஊருக்கு ஒன்றாக இருக்கின்றன. எனக்குப் பிடித்த சொற்கள்தான், ஆனால் இடக்கையை மட்டம் தட்டும் சாயல் அவற்றில் இருப்பதால் பட்டியலுக்கு வேண்டாம். இடக்கை, வலக்கை போதும்.

அடுத்தது, வீசும் கையும் சுற்றும் கையும். இதில்தான் இலக்கணம் கொஞ்சம் இடறுகிறது. 'வீசுகை', 'சுற்றுகை' என்று வினைத்தொகையாக வைக்கலாம் என்று முதலில் தோன்றும். ஆனால் வருகை, செய்கை, வாழ்க்கை போல '-கை' தொழிற்பெயர் விகுதியாகவும் வரும். 'வீசுகை' என்றால் வீசுதல் என்ற செயலாகிவிடும். 'அவருடைய வீசுகை சரியில்லை' என்றால் கையைச் சொல்கிறோமா, வீச்சைச் சொல்கிறோமா? அதனால் பெயர்ச்சொல்லிலிருந்து தொடங்கலாம். வீச்சு + கை = வீச்சுக்கை. சுற்று + கை = சுற்றுக்கை. இரண்டும் வன்தொடர்க் குற்றியலுகரம் என்பதால் ககரம் இரட்டிக்கும். அந்த ஒற்றெழுத்து இருந்தால் விகுதி என்ற மயக்கமே வராது. வீச்சுவலை, வீச்சரிவாள் எல்லாம் ஏற்கெனவே பழகியவை என்பதால் வீச்சுக்கையும் எளிதில் ஒட்டிக்கொள்ளும்.

இந்த இரண்டும் இருந்தால் மற்றதெல்லாம் தானாகச் சொல்ல வந்துவிடும். வீச்சுக்கையும் சுற்றுக்கையும் வெவ்வேறாக இருந்தால் 'கைமாறா முறை'. இரண்டும் ஒரே கையாக இருந்து, நடுவில் கம்பை மாற்றினால் 'கைமாறும் முறை'. 'கைமாற்று' என்று மட்டும் சுருக்காதீர்கள், அது கடன்.

அப்புறம், இழையில் பேசப்பட்ட 'ஹேண்ட் பிரிஃபரன்ஸ்', அதாவது எந்தக் கையால் செய்வது வசதி என்பது. இதற்குக் 'கை விருப்பம்', 'கை முன்னுரிமை' என்று வந்த இரண்டுமே மொழிபெயர்ப்பாக நிற்கின்றன. நம்மிடம் 'கைவாகு' இருக்கிறது. 'எனக்கு இப்படிப் பிடிச்சாத்தான் வாகா இருக்கு' என்று வீட்டில் தினமும் சொல்கிறோம். ஆளின் பொதுவான இயல்புக்கு 'இடக்கைப் பழக்கம்' என்பது பத்திரிகைகளில் நிலைத்துவிட்டது, அது அப்படியே இருக்கட்டும். ஒரு குறிப்பிட்ட வேலைக்கு எந்தக் கை தோதுப்படுகிறதோ, அதற்குக் 'கைவாகு' என்று வைப்போம்.

இந்தப் பிரிவு தேவையா என்று கேட்கலாம். கட்டாயம் தேவை. சச்சின் மட்டை பிடித்ததும் பந்து வீசியதும் வலக்கைக்காரராக, கையெழுத்துப் போடுவது இடக்கையால். கங்குலி இடக்கை மட்டையாளர், வலக்கைப் பந்துவீச்சாளர். பழக்கம் ஒன்றாக இருந்தாலும் வாகு வேலைக்கு வேலை மாறும். தூண்டிலில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பூச்சி போன்ற பொய்யிரையை வீசி மீன் பிடிக்கும் ஃபிளை ஃபிஷிங்கில் பேர்பெற்ற அமெரிக்கர் லெஃப்டி கிரே, எந்தக் கைக்கு வலுவும் லாகவமும் கூடுதலோ அந்தக் கையால்தான் சுற்ற வேண்டும் என்று விடாமல் வலியுறுத்தியவர். பொதுவாக ஃபிளை ரீலில் கைப்பிடி ஒரு சுற்றுக்குச் சுருளும் ஒரே சுற்றுதான் சுற்றும். கடலில் பெரிய மீன் நூறு கஜத்துக்கு மேல் நரம்பை இழுத்துக்கொண்டு போய்விட்டால், அத்தனையையும் கையால் திரும்பச் சுற்றியாக வேண்டும், சோர்ந்த கையால் முடியாது. அவர் சொன்னபடி பார்த்தால் வலக்கைக்காரருக்கு வலக்கைச் சுற்று. விரால்காரர் சொன்னபடி பார்த்தால் அதே ஆளுக்கு இடக்கைச் சுற்று. இருவரும் சொல்வது சரி, மீனும் கருவியும்தான் வேறு. இதை ஒரே சொல்லால் 'இடக்கைக்காரர், வலக்கைக்காரர்' என்று எழுதினால் பாதி செய்தி காணாமல் போய்விடும்.

சரி, 'ரீல்' என்பதற்கே தமிழ் வேண்டும் என்கிறவர்களுக்கு: சுருளி, சுழலி, உருளி எல்லாம் வந்துவிட்டன. என் ஓட்டு 'ராட்டை'க்கு. கைப்பிடியைச் சுற்றி நூலைச் சக்கரத்தால் சுற்றி வாங்குவதற்கு நம்மிடம் ஏற்கெனவே உள்ள கருவி அதுதான். அதிலும் ஒரு கை சுற்ற, மறு கை நூலைப் பிடிக்கிறது. நரம்புச் சுருள் அசையாமல் நிற்கும் ரீலுக்கு 1905இல் காப்புரிமை வாங்கிய இல்லிங்வொர்த், இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் ஜவுளித் தொழிலில் இருந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் பொருத்தம் இன்னும் கூடுகிறது. ஆனால் கரையில் எல்லோரும் 'ரீல்' என்றே சொல்கிறார்கள். அதனால் பதிவில் 'ரீல், தூண்டில் ராட்டை' என இரண்டையும் போடுவோம். 'இடக்கைச் சுற்று' இரண்டோடும் சேரும்.

ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. ரீலைச் சுற்றுவதும் கைப்பிடி, கம்பைப் பிடிப்பதும் கைப்பிடி. இந்த மடலிலேயே ரீலின் கைப்பிடியைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் எழுத்து தயங்கியது. ரீலுக்குச் 'சுற்றுப்பிடி', கம்புக்குப் 'பிடி' என்று பிரிக்கலாமா? விசைப்படகில் கைவிசையால் கயிறு இழுக்கும் கருவி வைத்திருப்பவர்கள், பழைய தறிப்பட்டறையில் நூல் சுற்றியவர்கள் யாராவது இழையில் இருந்தால், அந்தச் சுற்றும் பிடிக்கு உங்கள் பக்கத்தில் என்ன பேர் என்று எழுதுங்கள். அது வந்த பிறகு பதிவை இணைய அகராதியான விக்சனரியில் ஏற்றலாம்.